லியோனார்டின் காதும் யான் சாலை வாத்தும்

என் ஆல்பத்தில் எண் போட்ட சாலையோரப் படங்கள் நாற்பத்தொன்று. அவற்றில் பத்தொன்பதில் என் கணவர் லியோனார்டின் இடது காது இருக்கிறது.

காரணம், அவர் காரை நிறுத்த மாட்டார். பாடாங் செராயில் வீட்டு கேட்டைச் சாத்தியதும் மணி பார்ப்பார். யான் என்ற ஊரில் அவருடைய அக்கா வீட்டு வாசலில் இறங்கியதும் மறுபடி பார்ப்பார். போன மாதத்தைவிட இரண்டு நிமிடம் குறைந்திருந்தால் அன்று முழுக்க அதே பேச்சுதான். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஓடுகிற காரிலிருந்தே எடுப்பேன். பெண்டாங் வழியில் சிமெண்டுப் பூசணிக்காய், குரூணில் கடைக்கூரை மேல் ஏற்றி வைத்த பழைய கார், கிணறு அளவுக்குத் தேநீர்க் கோப்பை. ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், கிலோமீட்டர் கல் எல்லாம் எழுதி ஒட்டுவேன்.

போன வருடம் எங்கள் மாதா கோவில் திருநாளுக்கு, பங்கு மண்டபச் சுவரில் அவற்றை மாட்டினேன். பாடகர் குழு ஏமி அக்கா வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, "எவலின், இது ரோட்டோரப் படமா, இல்ல ஒன் வீட்டுக்காரர் காது படமா லா?" என்றார். மண்டபமே சிரித்தது. லியோனார்ட் சிரித்ததோடு விட்டாரா? படங்களுக்குப் பக்கத்தில் போய் நின்று தலையைத் திருப்பி, "ஒரிஜினல் இங்க இருக்கு, வந்து பாருங்க!" என்றார்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அவர் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார்.

இந்த வருடம் ஒரு படமாவது காரை நிறுத்தி முழுதாக எடுக்க வேண்டும் என்று இருந்தேன். அந்தப் படம் வாத்து. குவார் செம்பெடாக்கைத் தாண்டி, நெல்வயலை ஒட்டி, மூடிக்கிடக்கும் வாத்து சூப் கடைக்கு முன்னால் நிற்கிறது. இரண்டு ஆள் உயரம், சிமெண்டு, கறுப்புக் கண்ணாடி, இறக்கையில் ஒரு கரண்டி. போகும்போது அது வலது பக்கம், அதாவது அவர் பக்கம். திரும்பும்போது மீன் வாங்க சிங்கிர் வழியாக வந்துவிடுவோம். ஆகவே என்னிடம் இருப்பது எண் ஏழு, வால். எண் பதினெட்டு, கரண்டியும் காதும். எண் முப்பது, காது மட்டும்.

வியாழக்கிழமை அவருடைய அக்கா கேதரின் அண்ணி போன் செய்தார். "ரோட்ட பெருசாக்குறாங்க. அந்த வாத்த சனிக்கிழம ஒடைக்கப் போறாங்களாம்."

லியோனார்டிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் "பாக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை காலை. வாத்து தூரத்தில் தெரிந்தது. பக்கத்தில் மஞ்சள் நிற மண்வாரி இயந்திரம் நின்றது.

"ஏங்க, நிறுத்துங்க."

"எங்க நிறுத்துறது? பின்னால லோரி வருது."

"ஓரமா நிறுத்துங்க."

"ஓரம் எங்க இருக்கு எவலின்? வயல்ல எறக்கவா?"

வாத்து பின்னால் போயிற்று. ஒரு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது, ஓரத்தில் ஒரு பழக்கடையைக் கண்டதும் "டுரியான்!" என்று கத்தி பிரேக்கை மிதித்தார். லோரிக்காரன் ஹார்னை அழுத்திக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான்.

"இப்ப மட்டும் ஓரம் எங்கேருந்து வந்துச்சு?"

"கம்போங் பழம் லா, கிராமத்துத் தோட்டத்துல இன்னிக்கு விழுந்தது!" அதற்குள் இறங்கி, ஒரு பழத்தை மூக்கருகே வைத்திருந்தார்.

நானும் இறங்கினேன். கதவைச் சாத்திய சத்தத்தில் வயலிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. வந்த வழியே நடந்தேன். வெயில் மண்டையில் இறங்கியது. கோபம் வந்தால் நான் எண்ணுவேன். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி. கோபம் குறையவில்லை.

இயந்திரத்தில் ஒரு தமிழ்ப் பையன் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, தள்ளி நில்லுங்க. ஒடைக்கப் போறேன்."

"தம்பி, ஒரே ஒரு படம்."

அவன் வாத்தைப் பார்த்தான், என் வேர்த்த முகத்தைப் பார்த்தான். "சரி, நான் ஒரு சிகரெட் பிடிக்கிறேன். அது முடியிற வரைக்கும்தான்."

முழு வாத்தும் அடங்க வேண்டுமென்று சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். கைப்பேசி அடித்தது. எடுக்கவில்லை. காமிராவைக் கண்ணில் வைத்தபோது, எனக்கும் வாத்துக்கும் நடுவில் எங்கள் கார் வந்தது.

"எவலின், ஏறு! பழம் வாங்கியாச்சு. ஏற்கனவே இருவது நிமிஷம் போச்சு!"

"நிறுத்துங்க!"

"எங்க நிறுத்துறது?" என்று கேட்டுக்கொண்டே வேகத்தைக் கூட்டினார். அந்த நொடியில் அழுத்தினேன்.

பிறகு கார் இல்லாமல் நான்கு படம் எடுத்தேன். ஆனால் சுவருக்கு எது என்பது அப்போதே முடிவாகிவிட்டது. கண்ணாடியிலிருந்து வால் வரை வாத்து அவ்வளவு தெளிவு. அதன் முன்னால் கார் வெறும் வெள்ளிக் கோடு. கோட்டின் நடுவில் திறந்த வாய் ஒன்று. காது இல்லை.

பையன் சிகரெட்டை நசுக்கினான். இரண்டாவது அடியில் வாத்தின் தலை வயலில் விழுந்தது.

லியோனார்ட் எங்கேயோ போய்த் திரும்பி, என் பக்கமாக வந்து காரை நிறுத்தினார். நிஜமாகவே நிறுத்தினார். "பாத்தியா, ஒனக்காக நிறுத்திட்டேன் லா. முன்னால ஏறு."

"முன்னால டுரியான வைங்க. அதுக்குத்தானே நிப்பீங்க."

பின்னிருக்கையில் உட்கார்ந்து குறிப்பை எழுதினேன். எண் நாற்பத்திரண்டு. யான் சாலை. நின்றது: வாத்து. நிற்காதது: லியோனார்ட்.

அண்ணி வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் மணி பார்த்தார். அதையும் எடுத்துக்கொண்டேன். எண் நாற்பத்து மூன்று.