யாழ்ப்பாண டிப்போவின் கோடு

செலீன் ரெண்டு வருசமாய்ப் பாடுபட்டு எழுதின பிறேம்வேர்க் அது. நாலு வரி எழுதி எண்களைக் குடுத்தால் போதும், இணையப் பக்கத்திலையே கோட்டுப்படம், தூண்படம் எல்லாம் தானாய்க் கீறிக் காட்டும். அதை வைச்சு மற்ற புரோகிராமர்மார் எந்தக் கம்பனிக்கும் பக்கம் கட்டலாம். வெளிநாட்டுக்காரனும் இதே மாதிரி ஒண்டு செய்து விக்கிறான்தான். ஆனால் கொழும்பு கொட்டாஞ்சேனைப் பெட்டை ஒருத்தி வெள்ளவத்தையிலை ஒரு மாடியறை ஒபிஸிலை இருந்து தனிய எழுதினது எண்டால் சும்மாவோ? தலைக்கனம் பிடிச்சவள் எண்டு கதைச்சவைக்கு அவள் சொன்ன பதில், "ஓம், இருக்கு. என்ன இப்ப?"

ரெண்டாயிரத்து ஏழு. நாடு முழுக்கச் சாமான் இறக்கி விக்கிற டிப்போ வைச்சிருந்த ஒரு பிஸ்கற் கம்பனிக்காரர் அண்டைக்கு அதைப் பார்க்க வரவேணும். பிடிச்சால் செலீனின்ரை பிறேம்வேர்க். பிடிக்காட்டில் வெளிநாட்டுச் சாமானை வாங்கிறது, இவள் எழுதினது குப்பைக்கூடைக்கு. முதலாளி றேமண்ட் அதை முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார்.

காலமை வந்து திரையைப் பார்த்த றேமண்டுக்கு வேர்த்துக் கொட்டிச்சுது.

"உதென்ன பிள்ளை, யாழ்ப்பாணக் கோடு நடுவிலை அறுந்து கிடக்கு?"

"போன வருசம் சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதை பூட்டினாப் பிறகு கொஞ்ச நாள் ரெலிபோனும் இல்லை, சேர். அங்கையிருந்து எண்கள் வரேல்லை. எண் இல்லாட்டில் கோடும் இல்லை."

"வெளிநாட்டுச் சாமான் வடிவாய்ச் சேர்த்துக் கீறுதே."

"அது பொய் கீறுது."

றேமண்ட் கதவைச் சாத்தினார். "வாறது சிங்கள ஆக்கள். யாழ்ப்பாணம் அறுந்து கிடக்கெண்டு தமிழ் ஆக்கள் நாங்கள் படம் காட்டினால் என்ன நினைப்பினம்? சேர்த்து விடு."

அவரைக் குறை சொல்லி என்ன? போன கிழமைதான் அவரின்ரை தம்பியைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போய் விடிஞ்சாப் பிறகுதான் விட்டது. அந்த நேரம் கொழும்புத் தமிழருக்கு எல்லாத்துக்கும் பயம். ஒரு பிஸ்கற் யாவாரக் கோட்டுக்கும் பயம், பாருங்கோ!

ஒரு சொல்லை மாத்தினால் கோடு சேர்ந்துவிடும். செலீன் கீபோர்ட்டிலை கையை வைச்சாள். ரெண்டு வருச வேலை போகுதெண்டால் போய்த் துலையட்டும் எண்டு கையை எடுத்துப்போட்டாள்.

பிஸ்கற் கம்பனியிலை இருந்து றணவீர மேடம் வந்தா. விற்பனைப் பகுதிக்குப் பெரியவ. குருநாகல், காலி, கண்டி எண்டு ஒவ்வொரு டிப்போவாய்த் திரையிலை வந்துது. மேடம் தேத்தண்ணியோடை வைச்ச பற்றிஸைக் கடிச்சுக்கொண்டு தலையாட்டினா. யாழ்ப்பாணம் வந்தவுடனை பற்றிஸ் பீங்கானுக்குப் போச்சு.

"மேக்க கெடிலா நேத?" இது உடைஞ்சிருக்கெல்லோ எண்டு சிங்களத்திலை கேட்டா.

றேமண்ட் துள்ளி எழும்பினார். "சின்னப் பிழை மேடம், இப்பவே திருத்திறம்!"

செலீனுக்கு வந்ததே ஒரு கோபம்! "பிழையில்லை மேடம்," எண்டு அவளும் சிங்களத்திலையே சொன்னாள். "அந்த நாளிலை அங்கை என்ன நடந்ததெண்டு எங்களுக்குத் தெரியாது. தெரியாததை நான் கீறமாட்டன்."

றேமண்டுக்கு முகம் செத்துப்போச்சு. மேடம் திரைக்குக் கிட்டப் போய் அந்த வெறும் இடத்தை விரலாலை தொட்டா.

"எங்கடை பழைய படத்திலை இந்த இடத்திலையும் கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது," எண்டா. "அதைப் பார்த்துப்போட்டு, டிப்போ மனேஜர் நமசிவாயம் வழமை போலை வேலை செய்யிறார் எண்டு நான் இருந்திட்டன். அந்த நேரம் மனுசன் பிள்ளையளோடை அரிசிக்குக் கியூவிலை நிண்டவராம். பிறகுதான் கேள்விப்பட்டனான். ஒருக்காலும் நான் விசாரிக்கேல்லை."

மேடம் றேமண்டின்ரை பக்கம் திரும்பினா.

"இதைத்தான் எங்களுக்குப் போடுங்கோ. உடைஞ்ச இடம் உடைஞ்சபடியே இருக்கவேணும். ஆர் எழுதினது?"

றேமண்ட் தொண்டையைச் செரும முதல், "நான்," எண்டாள் செலீன்.

"தனியவோ?"

"முழுக்க நான்தான், மேடம்."

மேடம் எழும்பி மேசைக்குக் குறுக்கை கையை நீட்டினா. தலைக்கனம் பிடிச்சவள் தலையை நிமித்திக்கொண்டே கை குடுத்தாள்.