தாய்மாமனுக்கு ஒரு வைஃபை

என் வீட்டுக்காரர் சிவக்குமாருக்கு மைக்கைக் கண்டால் போதும், புத்தி கழன்று உருண்டுவிடும். எங்கள் மகளுக்குக் காது குத்திய அன்றைக்கும் அதுதான் நடந்தது.

தாய்மாமன், அதாவது என் தம்பி முத்திருளன், சார்ஜாவில் வேலை பார்க்கிறான். கடைசி நேரத்தில் லீவு இல்லை என்றுவிட்டார்கள். "வீடியோவுலயாச்சும் என்னயக் காட்டிரு, அக்கா" என்று போனில் அழுதான். பேரையூர் மண்டபத்திலோ செல்போன் டவர் ஒரு கோடு காட்டினாலே அதிசயம். மேடையில் அவனுக்காக விரித்த ஜமுக்காளம் காலியாகக் கிடந்தது. தாய்மாமன் இடத்தில் வேறொருவர் கால் வைத்தால் எங்கள் பக்கம் வெட்டுக்குத்துதான். ஓடிப் பிடித்து விளையாடிய பிள்ளைகள்கூட அதைச் சுற்றித்தான் ஓடின.

வீட்டுக்காரரின் அண்ணன் விருமாண்டி மாமா கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்தா ஜோதி, பதினொண்ணரையோட நல்ல நேரம் முடியுது. அதுக்குள்ள மாப்ள தெரியலைன்னா, ஒன் பெரியப்பா மகன் மடியில வச்சுக் குத்திருவோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் தம்பி உயிரோடு இருக்க இன்னொருவன் மடியா? பார்த்துவிடுகிறேன் ஒரு கை!

மேடைக்குப் பின்சுவரை ஒட்டி மண்டப ஆபீஸ். அங்கே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு மட்டும் வயரில் நெட். விளாங்குடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவளுக்கு வழி தெரியாதா? பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்குள் வைஃபை அடாப்டர் சும்மாதான் இருந்தது. செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால், வயரில் வரும் நெட்டை அதுவே சுற்றியுள்ள போன்களுக்கு அனுப்பும். பெயர் கொடுத்தேன், பாஸ்வேர்டு கொடுத்தேன். என் போனில் ஒன்றுமே தெரியவில்லை. பார்த்தால் ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கிடக்கிறது, என் பழைய போன் அதைக் கண்டதே இல்லை. இரண்டு புள்ளி நான்குக்கு மாற்றினேன். தெரிந்துவிட்டது! நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தேன்.

பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி, போனோடு வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "மேடைக்குப் போயி தம்பியக் கூப்பிடுங்க" என்றேன்.

அங்கேதான் மைக் இருந்தது.

"உறவினர் பெருமக்களுக்கு அன்பான அறிவிப்பு! மண்டபத்தில் வைஃபை வசதி செய்யப்பட்டுள்ளது! பாஸ்வேர்டு, பாப்பா ஒண்ணு ரெண்டு மூணு நாலு!"

அந்த ஹாட்ஸ்பாட்டில் எட்டு போனுக்குத்தான் இடம். கண் மூடித் திறப்பதற்குள் எட்டும் நிரம்பிவிட்டது. எங்கள் போன் ஒன்பதாவதாக வெளியே நின்றது. மேடைக்கு ஓடினேன்.

"அட கூறுகெட்ட மனுசா! என்னத்தச் செஞ்சு வச்சிருக்கீக?"

"வந்தவுகளுக்கு இல்லைன்னா நல்லாவா இருக்கும்?"

"சோத்துக்குப் பந்தி வைக்கிற மாதிரி நெட்டுக்கும் வச்சிட்டீகளா? ஒங்க மச்சினன் வாசல்ல நிக்கிறான்!"

திரும்பி ஓடிப் பாஸ்வேர்டை மாற்றினேன். உடனே ஆபீஸ் வாசலில் சின்னம்மா, அத்தை, மதினி என்று ஆளுக்கொரு போனோடு ஒரு கூட்டம். "சுத்திக்கிட்டே நிக்கிதுத்தா, புது நம்பரச் சொல்லு." சொல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு கை நனைக்காமல் போவார்கள். சொன்னால் தம்பி போச்சு. மணி பதினொன்று இருபது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

கதவு வழியாக மேடை தெரிந்தது. அந்தக் காலி ஜமுக்காளமும் தெரிந்தது. அடி என் ராசாத்தி, விடை அங்கேயே விரிந்து கிடக்கிறதே!

பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டேன். வைஃபையின் பெயரை மட்டும் மாற்றி, வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன்: "இப்ப மைக்குல சொல்லுங்க!"

"வைஃபை பேரு..." போனில் தெரிந்த புதுப் பெயரை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "தாய்மாமன் எடம். பாஸ்வேர்டு பழசுதான்."

மண்டபத்தில் எழுந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, விசில்! எத்தனை போன் சேர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். பூஜ்யம். பிறகு ஒன்று. எங்கள் போன். அந்த ஒன்று இரண்டாகவே இல்லை.

முத்திருளன் முகம் தெரிந்தது. போனை ஜமுக்காளத்தில் தலையணை மேல் சாய்த்து, அதை ஒட்டிப் பாப்பாவை உட்கார வைத்தோம். "மாமா!" என்று அவள் திரையில் முத்தம் கொடுத்த நேரத்தில் ஆசாரி குத்திவிட்டார். பிள்ளை வீறிட்டது. சார்ஜாவில் அவன் அதைவிட வீறிட்டான். நான் சந்தோஷத்தில் ஊரறிய அழுதேன்.

விருமாண்டி மாமா தன் போனோடு வந்து, ஜமுக்காளத்தின் ஓரத்தில் கால் படாமல் குனிந்தார்.

"மாப்ள, நீங்க எந்திரிச்சதும் சொல்லுங்க. கிரிக்கெட் ஸ்கோரு மட்டும் பாத்துக்கிறேன்."

தம்பி கண்ணைத் துடைத்தான். "இன்னும் கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கிறேன் மாமா."

"ஒக்காருங்கய்யா, ஒங்க எடம்" என்று மாமா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.