அறையில் பேசியபடி

குழந்தை பிறந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. இன்குபேட்டரின் திரையில் குழந்தையின் உடல் வெப்பம் முப்பத்தாறு புள்ளி நான்கு டிகிரி என்று இருந்தது. காலையில் நான் வந்தபோதும் அதுதான் இருந்தது.

அக்காவுக்கு அறுவைக்குப் பின் காய்ச்சல். குழந்தையைத் தொட அவளை விடவில்லை. அதனால் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும் வேலை எனக்கு வந்தது. குழந்தை ஒரு கிலோகூட இல்லை. கால் விரல்கள் தீக்குச்சித் தலை அளவில் இருந்தன. வயிற்றில் ஒட்டியிருந்த வெப்ப உணரியின் மெல்லிய வயர் பெட்டியிலிருந்து வெளியே வந்து, கீழே ஒரு தகரக் கூட்டுக்குள் போனது.

அந்தக் கூட்டுக்குள் ஓடும் மென்பொருளை எனக்குத் தெரியும். கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். பெரிய நிறுவனங்களின் இன்குபேட்டரை வாங்க முடியாத சிறிய மருத்துவமனைகளுக்காக, முகம் தெரியாத சிலர் சேர்ந்து எழுதியது. அதில் எனக்கும் ஒரு சின்ன வேலை உண்டு. திரையில் வரும் தமிழ் வாக்கியங்களை எழுதுவது நான். 'வெப்பம் சீராக உள்ளது' என்று இப்போது பச்சை எழுத்தில் நிற்பது என் வாக்கியம்தான்.

மதியமும் முப்பத்தாறு புள்ளி நான்கு.

நான் இயற்பியல் படிக்கிறவள். ஆய்வகத்தில் முதல் வருடமே தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. உண்மையான அளவு அசையும். கடைசி இலக்கம் கொஞ்சமாவது மேலும் கீழும் ஆடும். ஆடாமல் நின்றால் கருவி அளப்பதை நிறுத்திவிட்டது என்று பொருள்.

"சிஸ்டர், இந்த நம்பர் மாறவே இல்லையே?"

"மாறாம இருந்தா நல்லதுதானேம்மா. பக்கத்துப் பெட்டியைப் பாரு, பேய் பிடிச்ச மாதிரி ஏறி இறங்குது. உங்க பிள்ளை சமத்து."

ஆறு பெட்டிகளுக்கு அவர் ஒருவர். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கை வெப்பமானி வைத்துப் பார்த்தார். கடைசியாகப் பார்த்தபோது முப்பத்தைந்து புள்ளி ஒன்பது. "கையில பார்க்கறது கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

நான் கைபேசியில் மென்பொருளின் மூலநிரலைத் திறந்தேன். அது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது. ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பதும் அதோடு இருக்கும்.

முன்பு அதில் இப்படி இருந்தது: உணரியிலிருந்து முப்பது நொடிகளுக்கு அளவு வராவிட்டால் அலாரம் அடி. இப்போது முப்பது இருந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது. பூஜ்யம் என்றால் எப்போதும் அடிக்காதே. அளவு வராதபோது கடைசியாக வந்த அளவையே திரையில் காட்டிக்கொண்டிரு.

மாற்றியவர் கேப்டன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் இரண்டே சொற்கள்.

'அறையில் பேசியபடி.'

இந்தத் திட்டத்தை ஆரம்பித்தவர் கேப்டன். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. ஆரம்பத்தில் எல்லாப் பேச்சும் மின்னஞ்சலில் எழுதிக்கொள்ளும் ஒரு மடலாடற்குழுவில் நடந்தது. சண்டை போட்டாலும் எழுத்தில்தான் போட்டார்கள். பல வருடம் கழித்து வருகிறவரும், கணக்கு எதுவும் திறக்காமல், முதல் மடலிலிருந்து படிக்கலாம். கூச்சக்காரியான எனக்கு அது வசதியாக இருந்தது. எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பலாம்.

பிறகு கேப்டன் எல்லோரையும் ஓர் அரட்டைச் செயலிக்கு அழைத்துப் போனார். மூடிய அறை, உள்ளே வர அனுமதி வேண்டும். இலவசக் கணக்கு என்பதால் மூன்று மாதத்துக்கு முந்தைய பேச்சு கண்ணில் படாது. ஒருவர் மட்டும் எதிர்த்தார். எதையும் நிதானமாக எழுதுவார் என்பதால் அவருக்கு நத்தை என்று பெயர்.

'நாளைக்குப் புதிதாக வருகிறவன் எதைப் படித்துத் தெரிந்துகொள்வான்?' என்று கேட்டார் நத்தை.

'கேட்டுத் தெரிஞ்சுக்குவான். நத்தை, ஓட்டைத் தூக்கிட்டு ஓரமா நகருங்க, வண்டி வருது' என்று எழுதினார் கேப்டன். எல்லோரும் சிரிக்கிற முகங்களைப் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். நத்தை அதற்குப் பின் வரவில்லை.

அப்புறம் எழுதுவதும் குறைந்தது. வெள்ளிக்கிழமை மாலை குரல் அறையில் கூடிப் பேசுவார்கள். நானும் போவேன், மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அங்கே மௌனம் என்று பெயர். பேசி முடித்ததும் யாராவது நிரலை மாற்றுவார்கள். காரணம் கேட்கும் இடத்தில் 'அறையில் பேசியபடி' என்று போடுவார்கள். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பூஜ்யம் வந்த வாரம் எனக்குத் தேர்வு. நான் போகவில்லை.

கருவிப் பொறியாளரின் அறை தரைத்தளத்தில் இருந்தது. ஒரு சக்கரம் போன கட்டிலும், வாய் பிளந்த ரத்த அழுத்தக் கருவிகளும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. நான் சொன்னதை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மேலே வந்து உணரியைக் கழற்றிப் புதியதை ஒட்டினார். இலக்கம் உயிர் வந்த மாதிரி ஆடியது. எனக்கு மூச்சு வந்தது. அவர் படி இறங்குவதற்குள் முப்பத்தாறு புள்ளி ஆறில் மறுபடி நின்றுவிட்டது. அலாரம் அடிக்கவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"அப்ப சென்சார் இல்ல, போர்டுலதான் கோளாறு" என்றார். "வேற பெட்டி காலி இல்ல. இதைத் திறந்து பார்க்கணும்னா அணைக்கணும். அணைச்சா பிள்ளையை எங்க வைக்கறது?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமே சார்?"

"இந்த எடையில, ரெண்டாவது நாளே ரோட்டுல கொண்டுபோனா மூளையில ரத்தக் கசிவு வரலாம்னு டாக்டர் பயப்படுவார். சந்தேகத்துக்கெல்லாம் அனுப்ப மாட்டார். உறுதியா ஒரு காரணம் வேணும்." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சில போர்டுல தனியா ஒரு காவல் சுற்று இருக்கும். சூடு எல்லை தாண்டினா அதுவே ஹீட்டரை அணைச்சுட்டுக் கத்தும். அது இருக்குன்னுதான் சாஃப்ட்வேர்ல பூஜ்யம் போட்டாங்களோ என்னவோ. அப்படின்னா பயமில்ல, பிள்ளை இங்கேயே இருக்கலாம். என்னம்மா பேசினாங்க அந்த அறையில?"

"தெரியல சார்."

"எங்கேயும் எழுதி வைக்கலையா?"

"இல்ல சார்."

"நல்லா நடத்தறீங்க திட்டம்."

அரட்டை அறையில் கேள்வியை எழுதினேன். சென்சார் அலாரம் ஏன் பூஜ்யம், போர்டில் காவல் சுற்று உண்டா. இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் 'நல்ல கேள்வி' என்றார். பிறகு கேப்டனிடமிருந்து தனிச்செய்தி வந்தது.

'அட, மௌனம் பேசுது! இதையெல்லாம் பொதுவுல போடாதீங்கம்மா. அரைகுறையா படிச்சுட்டு ஆளாளுக்குக் கதை கட்டுவாங்க. அப்புறம் நிதானமா பேசலாம்.'

'அவசரம்' என்று எழுதினேன். பதில் இல்லை. அறைக்குத் திரும்பினால் அங்கே என் கேள்வி இல்லை. கட்டைவிரல்களும் இல்லை. முந்தைய செய்திக்கும் அடுத்த செய்திக்கும் நடுவில் இடைவெளிகூட இல்லாமல் மூடியிருந்தது.

பழைய மடலாடற்குழுவின் முகவரிக்கு அதே கேள்வியை அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல் என்றுதான் நினைத்தேன். கல்லுக்குக் கீழேயிருந்து பதில் வந்தது. நத்தை.

'அன்று நான் அறையில் இல்லை. நான் விலகியதே அதற்காகத்தான். அறையில் இருந்தவனுக்கு மட்டும் தெரிவது திட்டமல்ல, ரகசியம். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கேப்டன் எழுத்தில் நழுவுவார். ஆள் கூடியிருக்கும்போது வாய்விட்டுக் கேட்டால் அவருக்குப் பொய் வராது. தனியாகக் கேட்காதே. அவர் சொல்வதை இங்கே எழுது.'

அன்று வெள்ளிக்கிழமை.

அக்காவைப் பார்க்கப் போனேன். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஊமைக்கோட்டான். உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள என் பிள்ளைக்கு மீசை முளைச்சிடும்." சிரிக்க முயன்று இருமினாள். "நம்பர் என்ன காட்டுது?"

"முப்பத்தாறு புள்ளி ஆறு."

"நல்லதா?"

நல்லது என்று சொல்லியிருக்கலாம். "இன்னும் தெரியலக்கா" என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை கொதித்தது. "தெரிஞ்சுக்கிட்டு வா" என்றாள். பிடியை விட நேரமாயிற்று.

மேலே போனபோது நர்ஸ் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தார். அவர் கையிலிருந்த வெப்பமானி முப்பத்தேழு புள்ளி எட்டு. திரையில் அதே முப்பத்தாறு புள்ளி ஆறு, அதே பச்சை எழுத்து. குழந்தையின் நெஞ்சு சிவந்திருந்தது.

"அம்மாவுக்குக் காய்ச்சல் குடுத்த கிருமி பிறக்கும்போதே பிள்ளைக்கும் தொத்தியிருக்கும்னு டாக்டர் சொல்றார்" என்றார். இப்போது அவர் சமத்து என்று சொல்லவில்லை. "ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கு. நானும் கதவைத் திறந்து திறந்து மூடறேன். எவ்வளவு நேரம்மா இப்படி நிக்கறது? அந்தப் பக்கம் அஞ்சு பிள்ளை இருக்கு."

காய்ச்சலா, நின்றுபோன இலக்கத்தை நம்பிச் சூடேற்றிக்கொண்டே இருக்கும் ஹீட்டரா? காய்ச்சல் என்றால் குழந்தையை அசைக்கக் கூடாது. ஹீட்டர் என்றால் அங்கே வைத்திருக்கக் கூடாது.

பொறியாளரின் மேசையில் கைபேசியை வைத்து ஒலியைக் கூட்டினேன். அவருடைய கணினியில் மடலாடற்குழுவைத் திறந்துகொண்டேன். "நீங்களும் கேளுங்க சார்" என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

குரல் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கைத் திறந்தேன். இரண்டு வருடத்தில் அதை நான் தொட்டதில்லை.

"கேப்டன்" என்றேன். காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி சொன்னேன்.

"யாரு? மௌனமா? டேய், மௌனத்துக்கு வாய் இருக்குடா!"

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"சென்சார் அலாரத்தை ஏன் பூஜ்யம் ஆக்கினீங்க?"

"அதைத் தனியா பேசலாம்னு சொன்னேனேம்மா. இன்னைக்கு வேற வேலை நிறைய இருக்கு."

"இங்கேயே சொல்லுங்க."

"பழைய கதை. அப்ப ஒரு காரணம் இருந்தது. எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் செஞ்சோம்."

"என்ன பேசினீங்க?"

பெயர்களின் பக்கத்தில் இருந்த மைக் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒருவர் அறையை விட்டுப் போனார். இன்னொருவர் போனார்.

"எங்க அக்கா பிள்ளை அந்தப் பெட்டியில இருக்கு" என்றேன். "பொறந்து ரெண்டு நாள். அளவு நின்னுபோச்சு, அலாரம் அடிக்கல, உடம்பு சூடு ஏறிட்டே இருக்கு. பக்கத்துல ஆஸ்பத்திரி இன்ஜினியர் கேட்டுட்டு இருக்கார். உங்க பேச்சை வச்சுத்தான் பிள்ளையை வண்டியில ஏத்தறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். பூசி மெழுகாதீங்க."

கேப்டனின் விளக்கு மட்டும் எரிந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"கண்காட்சிக்கு ஒரு பெட்டி கொண்டுபோயிருந்தோம்" என்றார். குரலில் கேப்டன் இல்லை. "நன்கொடை குடுக்கறவங்க வந்திருந்தாங்க. வயர் லூஸா இருந்தது. ஆள் கிட்ட வர்றப்பல்லாம் கத்திச்சு. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அணைச்சு வைக்கலாம்னு அறையில பேசினோம்."

அவர் சொல்லச் சொல்ல நான் மடலில் தட்டினேன்.

"சாயங்காலம் திருப்பிப் போட்டுடுன்னு ஒருத்தன்கிட்ட சொன்னேன். நான் போடுவேன்னு அவன் இருந்துட்டான். அதுக்குள்ள புதுப் பதிப்பு வெளிய போயிடுச்சு."

"எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?" பொறியாளர் கேட்டார்.

கேப்டன் புதுக் குரலைக் கேட்டு ஒரு கணம் தடுமாறினார். "போன மாசம் சார். அடுத்த பதிப்புல சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னு பேசினோம். வெளிய தெரிஞ்சா இந்தப் பெட்டி வச்சிருக்கற நாற்பது ஆஸ்பத்திரியும் பெட்டியை அணைச்சுடுவாங்க, பிள்ளைங்க கதி என்னன்னு..."

"அதை அப்புறம் பார்க்கலாம்." பொறியாளர் மேசைத் தொலைபேசியை எடுத்து டாக்டரின் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்தது. அவர் கைபேசியின் பக்கம் குனிந்தார். "தனிக் காவல் சுற்று இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இல்ல சார்" என்றார் கேப்டன். "அந்த ஒரு அலாரம்தான். அதுக்குப் பின்னாடி எதுவுமே கிடையாது."