துண்டுக்கு வெளியே

ஒரு மகள் தன் அப்பன் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை இருபது ரூபாய்க்குப் போகும். போன மாசியில் நானே விற்றேன். ஒரு கோன் ஐஸ். அதைக்கூட அவள் வாங்கிக்கொள்ளவில்லை, நான்தான் உருகுவதற்குள் தின்றேன்.

என் பெயர் பால்ராஜ். ஆவூர்ப் பக்கம், மாட்டுத் தரகு. வாங்குகிறவனிடம் "தங்கமான மாடு" என்பேன். விற்கிறவனிடம் "இதெல்லாம் ஒரு மாடா" என்பேன். இரண்டு பேரும் கமிஷன் தருவார்கள். சந்தையில் அது தொழில். அதே வாயோடு வீட்டுக்குள்ளும் போனதுதான் வினை.

என் மகள் டயானாவுக்கு எட்டு வயது. கடைவாயில் ஒரு பால்பல் சொத்தை. மாசியில் வேறொரு ஊர்ப் பல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். "சும்மா பாத்துட்டு வந்துருவம், கோன் ஐஸ் வாங்கித் தாரேன்" என்றேன். ஊசி வந்ததும் "எறும்பு கடிச்ச மாதிரிதான், அப்பா இங்கனயேதான் நிக்கிறேன்" என்றேன். ஊசியின் நீளத்தை நானும் பார்த்தேன். அடிக்காத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். உள்ளேயிருந்து ஓர் அலறல் வந்தது. அலறியது டாக்டர். இவள் அவர் விரலைக் கடித்திருந்தாள்.

அன்றிலிருந்து வாயை மூடியவள்தான். எந்த டாக்டருக்கும் திறக்கவில்லை. நாளைக்கு முப்பது மாட்டின் வாயைப் பிளந்து, பல்லைப் பார்த்து வயசு சொல்கிறவன் நான். சொந்த மகளின் ஒரு பல்லைப் பார்க்க முடியவில்லை.

ஆடியில் கன்னம் கொய்யாக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. நாலு நாளாகக் கஞ்சிதான். விராலிமலையில் அமுதவல்லி டாக்டர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை பல்ல எடுத்தே ஆகணும். விட்டா சீழ் தாடைக்கு எறங்கிரும். வாயத் தொறக்கலைன்னா திருச்சியில மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும்" என்றார். மயக்க மருந்து என்றதும் என் மனைவி சந்தனமேரி அங்கேயே மாதாவுக்கு ஒரு வெள்ளிப் பல் நேர்ந்துகொண்டாள். காணிக்கைக் கடையில் போய்க் கேட்டால் வெள்ளியில் கண் இருக்கிறது, காது இருக்கிறது, கால் இருக்கிறது, பல் இல்லை. "ரெண்டு காதா வாங்கிப் போட்டா மாதா ஏத்துக்குவாளா?" என்று என்னிடம் கேட்டாள். நான் மாட்டுக்குத்தான் தரகு என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டயானாவை மொபெட்டில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் பேரம்.

"வாயத் தொறந்தியனா கலர் பென்சில் டப்பா. பெரிசு."

தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"ஸ்கேட்டிங் ஷூ."

அதற்கும் தலையாட்டல்தான்.

"சரி போ, சைக்கிள். கியர் வச்சது. கூட ஒரு வெள்ளாட்டுக் குட்டியும் தாரேன், சும்மா."

அப்போதுதான் பேசினாள். "குட்டி கொசுறா?"

"ஆமா ஆத்தா."

"அப்ப ரொம்ப வலிக்கும்."

"எவன் சொன்னான்?"

"நீதேன் சொன்ன. கேக்காமலே கயிறும் மணியும் சேத்துக் குடுத்தா அந்த மாடு சண்டின்னு."

சொல்லியிருக்கிறேன். சந்தைக்கு அழைத்துப்போய் மடியில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். வேண்டாத சரக்கைத் தலையில் கட்டுகிறவன்தான் வாரி வாரி வைப்பான். நான் பொருளை ஏற்ற ஏற்ற, அந்தப் பல்லில் இருந்த வலியும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. சைக்கிளில் நிறுத்தியிருந்தால் சாதாரண வலியோடு போயிருக்கும். ஆட்டுக்குட்டி காரியத்தைக் கெடுத்துவிட்டது.

டாக்டர் அறையில் அந்தச் சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க கண்ணு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அண்ணே," என்றார் டாக்டர், "நான் ஒரு வாயத்தான் தொறக்கச் சொன்னேன்."

உதவிக்கு நின்ற ராஜலட்சுமி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

டயானா கையை எடுக்காமலே, விரல் சந்து வழியாக என்னைக் கேட்டாள். "வலிக்குமாப்பா?"

இல்லை என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. முப்பது வருடப் பழக்கம், தானாக வரும். ஆனால் அவள் கேட்ட தோரணை எனக்குத் தெரியும். பதில் தெரிந்தவன், சரக்கைப் பார்க்காமல் தரகனின் முகத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. அதில் பொய் சொன்னால் அந்தப் பார்ட்டி அப்புறம் நம் பக்கம் வராது.

"வலிக்கும்" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பந்தியில் சோற்றை மிதித்தவனைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

"எம்புட்டு?"

"தெரியல ஆத்தா. எனக்கு ஊசி போட்டப்ப நான் அழுதேன்."

"அன்னைக்கு எதுக்கு வெளிய போன?"

"பயந்துக்கிட்டு."

"போன் வந்துச்சுன்ன?"

"வரல."

கையை எடுத்தாள். என்னை விட்டுவிட்டு டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், எங்க அப்பாவுக்கு வெலை தெரியல. நீங்க சொல்லுங்க."

அந்த அம்மா கெட்டிக்காரி. சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஊசி கிள்ளும். அஞ்சு எண்ணுற வரைக்கும். அப்பறம் மரத்துரும். பல்ல எடுக்கையில அழுத்துற மாதிரி இருக்கும், வலிக்காது. வலிச்சா சொல்லு, நிறுத்திருவேன்."

"அஞ்சு ஜாஸ்தி. மூணு."

"மூணுல மருந்து எறங்காது. அஞ்சுதான்."

"நாலு?"

"அஞ்சு."

டயானாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு. விலையில் இறங்காதவன் சரக்கை நம்புகிறான். அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

"வாயத் தொறந்துட்டா நிறுத்துங்கன்னு எப்புடிச் சொல்றது?" என்றாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். "அப்பா, துண்டக் குடு."

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். வாங்குகிறவன் கைக்கும் விற்கிறவன் கைக்கும் மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். சுற்றி நிற்கிறவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும்.

டயானா ராஜலட்சுமியின் கையைப் பிடித்து, மேலே என் துண்டைப் போட்டு, காதில் ஏதோ சொன்னாள். ராஜலட்சுமி பயபக்தியோடு தலையாட்டினாள். டாக்டருக்கு விளக்கலாமென்று நான் ஓர் எட்டு முன்னால் வைத்தேன்.

"பாருங்க டாக்டர், ஒரு வெரலப் புடிச்சா..."

"நீ தள்ளி நில்லு," என்றாள் மகள். "துண்டுக்குள்ள பேசுறது வெளியாளுக்குத் தெரியக் கூடாது."

தரகு கைமாறிவிட்டது. வாங்குகிறவள் அங்கே, விற்கிறவள் இங்கே, நடுவில் ராஜலட்சுமி. நான் சுவரோரம் கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில்.

வாயைத் திறந்தாள். டாக்டர் சின்னக் கண்ணாடியைத்தான் எடுத்தார். துண்டு அசைந்தது.

"நிறுத்தச் சொல்றா" என்றாள் ராஜலட்சுமி.

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. டயானா அதையே பார்த்தாள். துண்டு அசைந்தது. "இப்பப் போலாமாம்." கண்ணாடி பல்லைத் தொடுமுன் மறுபடி நிறுத்தம். மறுபடியும் கை நின்றது. தராசு சரியா என்று வெறுந்தட்டைத் தூக்கிப் பார்க்கிறாள். மூன்றாவது தடவையும் நின்றபிறகுதான் தோளைத் தளர்த்தி நாற்காலியில் சாய்ந்தாள்.

ஊசி வந்தது. அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது, நிஜமாகவே. மணப்பாறைப் பார்ட்டி, இரண்டு ஜோடி மாடு. டயானாவின் கண் மட்டும் என் பக்கம் உருண்டது. நான் போனை அணைத்தேன்.

"ஒண்ணு... ரெண்டு..." டாக்டர் சத்தமாக எண்ணினார். மூன்றில் டயானாவின் கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும் என்று ராஜலட்சுமி பிற்பாடு சொன்னாள், அவள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஐந்தில் ஊசி வெளியே வந்துவிட்டது. ஆறு சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

பல்லை எடுக்கும்போது மூன்று தடவை துண்டு அசைந்தது, மூன்று தடவையும் டாக்டர் நிறுத்தினார். துண்டின் மேட்டையும் பள்ளத்தையும் வைத்து என்ன பேசுகிறார்கள் என்று படித்துப் பார்த்தேன். சந்தையில் எவன் துண்டையும் படித்துவிடுவேன். இது பிடிபடவில்லை. டிங் என்று தட்டில் பல் விழுந்தது.

பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசக் கூடாது என்றார்கள். வாசலில் மருந்துச் சீட்டுக்காக உட்கார்ந்திருந்தபோது, "உள்ள என்ன ஆத்தா பேசுனீங்க?" என்று கேட்டேன். டயானா துண்டை என் கைமேல் போட்டாள்.

"டாக்டர் கணக்கு?" என்றேன். ஆறு விரலைப் பிடித்தாள். நிறுத்தச் சொன்னது ஆறு, நிறுத்தியது ஆறு. நேர்.

"என் கணக்கு?" ஒரு விரல்.

"வரவு ஒண்ணா? மூணு நெசம் சொன்னேனே?"

அதே ஒரு விரலை இன்னும் அழுத்தினாள். ஏற்ற மாட்டாள் என்று புரிந்தது.

"சரி, இன்னும் எம்புட்டு நெசம் பாக்கி?"

என் இரண்டு கையையும் துண்டுக்குள் இழுத்துப் பத்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். போதாதென்று குனிந்து, செருப்புக்குள் இருந்த என் காலைப் பார்த்தாள்.

வரவு ஒன்று. பாக்கி பத்து, கால்விரல் சேர்க்காமல்.