லார்ஜ் சைஸ் கை

எங்கள் ஊரில் ஸ்வெட்டர் போட்டு நடந்தால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அந்த ஊரில்தான் பனி கொட்டும் நாடுகளுக்குக் கையுறை தைக்கிறோம். அதில் 'லார்ஜ்' என்றால் என் கைதான். பதினோரு வருஷமாக நான் மாட்டிப் பார்த்துத் தலையாட்டினால்தான் பெட்டி கப்பல் ஏறும். படிப்புதான் ஏறவில்லை, ஆண்டவன் அளவான கையையாவது கொடுத்தானே!

இந்தக் கையைச் சாக்கு வைத்து வீட்டில் பாத்திரம் கழுவுவதிலிருந்தும் தப்பித்து வந்தேன். "தண்ணியில ஊறினா அளவு மாறிடும், ஏற்றுமதியே படுத்துடும்" என்பேன். மனைவியும் பாவம், நாட்டு நலன் கருதி விட்டுவிட்டாள்.

போன வாரம் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு பிளாஸ்டிக் கையை அனுப்பியது. இனி எந்த நாட்டில் தைத்தாலும் லார்ஜ் என்றால் அதுதானாம்.

"தம்பி, உனக்குப் போட்டி வந்தாச்சு. லீவு கேக்க மாட்டான், டீ கேக்க மாட்டான்," என்றாள் தையல் அக்கா.

மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வீடியோவுல அந்தக் கம்பெனி அம்மா இந்தக் கைக்கு ஓகே சொல்லிட்டாங்கன்னா, உன் வேலை விஷயம்... பாப்போம்."

'பாப்போம்' எனக்குப் புதிதா? பெண் பார்க்கப் போன நாலு வீட்டில் கேட்டதுதான்.

வெள்ளிக்கிழமை, புது மாடல் கையுறை பிளாஸ்டிக் கைக்கு அச்சாகப் பொருந்தியது. திரையில் கம்பெனி அம்மா சிரித்தார். பழக்க தோஷத்தில் நானும் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். வயிற்றெரிச்சலில் கையை இறுக்கி மடக்கினேன். 'பர்ர்' என்று கட்டைவிரல் தையல் விட்டது.

"வேணும்னே கிழிக்கிறியா?" மேனேஜர் பல்லைக் கடித்தார்.

"சத்தியமா இல்ல சார், தானா..."

கம்பெனி அம்மா என்னவோ சொன்னார். மேனேஜருக்கு வியர்த்தது. "இன்னொண்ணு மாட்டி மடக்கணுமாம்."

மடக்கினேன். பர்ர். மூன்றாவதும் பர்ர். அவர்கள் ஊரில் பனியில் பஸ் கம்பியைப் பிடிக்க வேண்டுமாம். தைத்து அடுக்கியிருந்த நாலாயிரம் ஜோடியை அப்படியே அனுப்பியிருந்தால், ஏறிய கப்பலிலேயே திரும்பி வந்திருக்கும். பாவம், பிளாஸ்டிக் கைக்கு மடக்கத் தெரியாது.

அளவுக்கு அது, மடக்க நான் என்று தீர்ப்பாயிற்று. கட்டைவிரல் தையலை மட்டும் மாற்றச் சொன்னார் கம்பெனி அம்மா.

"கோபப்படறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீதான்யா!" என்றாள் அக்கா.

வீட்டுக்குப் பறந்து வந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். மனைவிக்கு முகமெல்லாம் பல். கேட்டு முடித்ததும் ஸ்பாஞ்சை நீட்டினாள்.

"அளவுக்குத்தான் அது வந்துடுச்சே. இனிமே ஊறினா என்னங்க?"

வாங்கிக்கொண்டேன்.

"நல்லா இறுக்கிப் பிழியுங்க," என்றாள். "மடக்கிப் பழக வேணாமா?"