வாசகர் நடமாட்டம்

செருப்புக் கடையின் தரையில் முதல் காலடித் தடம் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. அப்போது கடைக்குள் யாரும் நடக்கவில்லை. அக்கா சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்து ஒரு குதிகால் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். தங்கை மேசைக்குப் பின்னால் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில், தோல் சீவிய தூள் எப்போதும் படிந்து கிடக்கும் சிமெண்டுத் தரையில், வெறுங்காலின் தடம் ஒன்று விரல் நுனியில் தொடங்கிக் குதிகால்வரை மெதுவாகப் பதிந்தது. பிறகு மற்றக் காலும் பக்கத்தில் பதிந்தது. யாரோ வந்து நிற்பதைப் போல இரண்டும் அலமாரியைப் பார்த்தபடி இருந்தன. அக்கா ஊசியை நிறுத்தாமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். "தட்டைப் பாதம். ஒம்பதாம் நம்பர். ஆம்பளை" என்றாள். அதற்கு மேல் அன்றைக்கு அதைப் பற்றிப் பேச்சில்லை. மதியத்துக்குள் முடித்தாக வேண்டிய ஜோடி ஒன்று கையில் இருந்தது.

நகல் எடுக்கும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், எட்டடி அகலத்தில் இருந்தது அந்தக் கடை. மற்றக் கடைகளில் பொருந்தாத கால்களுக்குத்தான் அங்கே செருப்பு. ஒரு கால் குட்டையானவர்கள், பெருவிரல் எலும்பு புடைத்தவர்கள், சர்க்கரை நோயில் உள்ளங்கால் மரத்துப்போனவர்கள், விபத்தில் விரலை இழந்தவர்கள் என்று வருவார்கள். அக்கா இருபது வருடம் எலும்பு மருத்துவமனை ஒன்றின் செருப்புப் பிரிவில் வேலை பார்த்தவள். அங்கே அவள் தைத்த ஒவ்வொரு ஜோடியும் ஒரு மருத்துவரின் கையெழுத்தோடு வெளியே போனது. தைத்தது யார் என்று போட்டுக்கொண்டு போனவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பிரிவை மூடியபோது தன் ஊசிகளையும் முப்பத்திரண்டு கால் அச்சுக் கட்டைகளையும் எடுத்துக்கொண்டு வந்து இந்தக் கடையைத் திறந்தாள். தங்கை பதினொரு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் கடிதம் எழுதியவள். 'தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற வரியை எத்தனை ஆயிரம் முறை எழுதினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. ஒருநாள் அந்த வரியைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தவள், திரும்பவும் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. நேராக அக்காவின் கடைக்கு வந்து ஒரு மேசையைப் போட்டுக்கொண்டாள்.

கடையின் சிக்கல் என்னவென்று கண்டுபிடித்தது தங்கைதான். பெயர்ப்பலகை பெரிதாகத்தான் இருந்தது, வேலையும் சுத்தம். ஆனால் அப்படிப்பட்ட கால்கள் ஒரு தெருவுக்கு நாலு இருந்தாலே அதிகம். மீதிக் கால்கள் எங்கெங்கோ இருந்தன. அவை இந்தத் தெருப்பக்கம் வரப்போவதில்லை என்பதால், தெருவைத் தாண்டிப் போகிற ஒன்றைத் தொடங்க வேண்டும் என்றாள். இணையத்தில் சொந்த முகவரி வாங்கி, வாரம் ஒரு பதிவு போடும் வலைப்பூ ஒன்றைத் தொடங்கினாள். 'இடது கால் செருப்பு மட்டும் ஏன் கடிக்கிறது' என்பது முதல் பதிவு. ஈரக் காலைத் தாளில் பதித்துத் தன் பாதத்தைத் தானே எப்படித் தெரிந்துகொள்வது என்பது இரண்டாவது. அக்கா வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினாள். அக்காவுக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. "தொழில் நுணுக்கத்தையெல்லாம் ஓசியில ஊருக்கே சொல்லிட்டா, அப்புறம் நம்மகிட்ட எதுக்குடி வரணும்?" என்று கேட்டாள். சொல்லிவிடுவதால் யாரும் தைத்துவிட முடியாது, ஆனால் தைக்கத் தெரிந்தவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வார்கள் என்றாள் தங்கை. நான்கு மாதம் ஒருவரும் படிக்கவில்லை. அந்த நான்கு மாதமும் ஒரு வாரம்கூடத் தவறாமல் எழுதினாள். தடம் விழுந்தது ஐந்தாவது மாதத்தில்.

தடத்துக்கும் வலைப்பூவுக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள இரண்டு வாரம் பிடித்தது. வாசகர் வருகையைக் காட்டும் பக்கத்தில் பத்தே முக்காலுக்கு ஒருவர் என்று இருந்தால், தரையிலும் பத்தே முக்காலுக்கு ஒரு ஜோடி இருந்தது. சந்தேகம் தீர, தங்கை தன் காப்பீட்டு அலுவலகத்துத் தோழியைத் தொலைபேசியில் அழைத்து ஒரு பதிவைப் படிக்கச் சொன்னாள். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடக்கும் தோழியின் பாதம், அச்சு அசலாக அலமாரிக்கு நேராகப் பதிந்தது. பாதியில் நிறுத்து என்று சொல்லி இன்னொரு பதிவைப் படிக்கச் சொன்னபோது விரல் நுனிகள் மட்டும் விழுந்தன. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எதையும் பதிப்பதில்லை. கடைசி வரிவரை வந்தவர்களுக்குத்தான் முழுப் பாதம். படிப்பவர் காலுறை போட்டிருந்தாலும் சரி, கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தாலும் சரி, இங்கே விழுவது வெறுங்காலின் தடம்தான்.

எழுத்தை நம்பாத அக்காவுக்குத் தடத்தின்மேல் முழு நம்பிக்கை இருந்தது. காலையில் பெருக்குவதற்கு முன் துணி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு விடுவாள். இவருக்கு வலது இடுப்பு ஏறியிருக்கிறது, இந்தம்மா நின்றுகொண்டே வேலை செய்கிறவர், இவர் சமீபத்தில்தான் ஊன்றுகோலை விட்டிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே போவாள். தங்கை குறித்துக்கொள்வாள். அடுத்த வாரப் பதிவு அதிலிருந்து பிறக்கும். பத்து நாள் கழித்து யாராவது கடிதம் போட்டுத் தன் வலது இடுப்பைப் பற்றிச் சொல்லி அளவு எப்படி அனுப்புவது என்று கேட்பார். அளவு வேண்டாம், செருப்பு தயாராக இருக்கிறது, முகவரி போதும் என்று தங்கை பதில் எழுதுவாள். முதல் மூன்று பேர் ஏமாற்று வேலையோ என்று பயந்தார்கள். போட்டுப் பார்த்த பிறகு அவர்களே பத்துப் பேருக்குச் சொன்னார்கள். மூன்றாவது வருடம் உதவிக்கு இரண்டு தையல்காரிகள் சேர்ந்தார்கள். தரை போதாமல் நகல் கடையின் பின்னறையையும் வாடகைக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு ஜோடியின் உட்புறத்திலும் அக்கா தன் அடையாளமாக மூன்று குறுக்குத் தையல் போட்டாள். மருத்துவமனையில் அப்படிப் போட அனுமதி கிடையாது.

அந்த நேரத்தில்தான் நகல் கடைக்காரரின் மைத்துனர் வந்தார். விளம்பர ஆலோசகர், பேச்சில் தேன் ஒழுகும். இந்தக் காலத்தில் யாரம்மா உட்கார்ந்து படிக்கிறார்கள், அக்காவின் கைகளை அப்படியே படம் பிடித்து இணையத்தில் போடுங்கள், லட்சம் பேர் பார்ப்பார்கள் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அக்கா கத்தியால் தோலை ஒரே இழுப்பில் வளைத்து வெட்டும் ஒரு நிமிடக் காட்சியை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. வலைப்பூவை அப்படியே போட்டுவிட்டு வாரம் ஐந்து காட்சி எடுத்தாள். அக்காவின் கத்தியை, நூலை, விரல் தழும்பை எல்லாம் எடுத்தாள். நான்கு மாதம் இப்படிப் போனது. ஒரு காலையில் அக்கா நாடாவோடு மண்டியிட்டு, வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

"தரையைப் பாத்தியா?" என்று கேட்டாள்.

தங்கை பார்த்தாள். தோல்தூள் அலுங்காமல் குலுங்காமல் படிந்திருந்தது. ஒரு விரல்கூட இல்லை.

"மூணு லட்சம் பேருன்னு சொன்னியே. ஒருத்தராவது நின்னாங்களா?"

அந்த வாரமே, பட்ட காலில் பட்டதுபோல, அவர்கள் காட்சிகளைப் போட்டுவந்த இணையப் பக்கம் முடக்கப்பட்டது. விதிகளை மீறியதாகவும் முடிவே இறுதியானது என்றும் இரண்டு வரி வந்தது. எந்த விதி என்று அதில் இல்லை. தங்கை அதை இரண்டு முறை படித்தாள். அந்த நடையை அவளுக்குத் தெரியும். பதினொரு வருடம் அவள் எழுதிய நடைதான் அது. பதில் சொல்ல அந்தப் பக்கம் மனிதர் யாரும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அழுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். தங்கையோ முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தன் வலைப்பூவைத் திறந்தாள். எழுதிய நூற்று நாற்பது பதிவுகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. அது அவங்க இடம், இது நம்ம இடம் என்று அக்கா மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

அதற்குப் பிறகு தங்கை ஒரு முறை வகுத்துக்கொண்டாள். வெளியே எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் போய்ப் பேசுவது, ஆனால் எல்லா இடத்திலிருந்தும் வழி வலைப்பூவுக்கே வர வேண்டும். காட்சியில் ஒரு நிமிடம் காட்டினால் மீதியைத் தெரிந்துகொள்ளப் பதிவுக்குத்தான் வந்தாக வேண்டும். விருப்பப்பட்டு முகவரி கொடுத்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் மின்னஞ்சலில் ஒரு கடிதம் போகும், அதன் கடைசி வரியும் பதிவுக்குத்தான் கூட்டிக்கொண்டு வரும். முடக்கினால் முடக்கட்டும், கிளையைத்தான் வெட்ட முடியும் என்றாள். மூன்றாவது வாரம் தரையில் விரல்கள் தெரிந்தன. ஆறாவது வாரம் முழுப் பாதங்கள் திரும்பின.

திரும்பி வந்தவற்றில் ஒரு ஜோடியை அக்கா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். பெண்ணின் கால், ஐந்தாம் நம்பர். இடது கால் முழுதாக விழும். வலது காலோ வெளி ஓரம் மட்டும், பிறை போல. குதிகாலின் உட்பக்கம் தரையைத் தொட்டதே இல்லை. இரண்டு வருடமாக வாரம் தவறாமல் வந்து போய்க்கொண்டிருந்த தடம் அது. மற்றவை அலமாரிக்கு நேராக விழும், இது மட்டும் கதவோரமாகவே விழும். ஒருமுறைகூட எழுதிக் கேட்டதில்லை. அக்கா அதற்கு 'ஓரக்கால்' என்று பெயர் வைத்திருந்தாள். வலைப்பூ ஓய்ந்திருந்த நான்கு மாதமும் அவள் தேடியது இதைத்தான் என்று தங்கைக்கு இப்போதுதான் தெரிந்தது. இப்படி நடந்தால் இன்னும் மூன்று வருடத்தில் முட்டி போய்விடும் என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே அந்த அளவுக்கு அக்கா ஒரு ஜோடி தைத்தாள். உள்ளே ஆப்புபோல் சரிவு வைத்து, பார்வைக்குச் சாதாரணச் செருப்பாக, பழுப்பு நிறத்தில். பத்து நாள் பிடித்தது. முடித்துவிட்டு நேராகத் தங்கையின் மேசைக்கு வந்து நின்றாள்.

"எழுதிக்கோ. நான் சொல்றேன்."

அக்கா வாய் திறந்து சொல்லச் சொல்லத் தங்கை தட்டினாள். தலைப்பு, 'வலது காலின் வெளி ஓரத்தில் நடப்பவருக்கு'. எங்கே வலிக்கும், படியில் இறங்கும்போது எந்தக் கை சுவரைத் தேடும், எந்த வயதில் அதை வீட்டில் சொல்வதை நிறுத்தியிருப்பீர்கள் என்று வரிசையாக இருந்தது. கடைசியில் இப்படி முடிந்தது: 'இது குறை இல்லை. உங்கள் கால் ஒரு முடிவு எடுத்து இத்தனை வருடம் உங்களைச் சுமந்திருக்கிறது. அதற்கு உதவி செய்யத்தான் செருப்பு. உங்களுடையது தயாராக இருக்கிறது.' தங்கை ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றவில்லை. பதினைந்து வருடம் எழுதிப் பிழைத்தவளுக்கு இப்படி ஒரு வரி வந்ததில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள். அதில் அவளுக்குப் பொறாமை இல்லை, பெருமைதான்.

மறுநாள் கடையைத் திறக்க முடியவில்லை. அதாவது, திறந்தார்கள், கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கப் பிறை பிறையாக ஓரக்கால்கள். பெரியவை, சிறியவை, வலதுக்குப் பதில் இடது சாய்ந்தவை. பின்னறையில் இடம் தீர்ந்து வாசற்படி தாண்டி நடைபாதையிலும் விழுந்திருந்தன. மருந்துக் கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களைச் சுற்றிவரச் சொன்னார். தனக்கு மட்டும்தான் இப்படி என்று அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தையல்காரிகள் இருவரும் அளவெடுத்து முடிக்கவே மூன்று நாள் ஆனது.

நான்காவது நாள் மதியம் ஒரு பெண் கதவோரம் வந்து நின்றாள். ரயிலில் பயணச்சீட்டு பரிசோதிப்பவள், சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். பதினெட்டு மணி நேரப் பயணம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஓடுகிற வண்டியில் நாள் முழுக்க நடக்கும் வேலைக்குத் தன் காலை மறைத்தே சேர்ந்ததாகப் பிற்பாடு சொன்னாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். அந்தப் பெண் தோல்தூளின்மேல் நாலு எட்டு நடந்து உள்ளே வந்தும் புதிதாக ஒரு தடமும் விழவில்லை. ஏற்கெனவே விழுந்தது போதும் என்று தரை நினைத்திருக்கலாம். அக்கா எழுந்து அலமாரியிலிருந்து பழுப்பு ஜோடியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"எனக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் அவள்.

"ரெண்டு வருஷமா வந்துட்டுத்தானே இருக்கீங்க" என்றாள் அக்கா.

அந்தப் பெண் போட்டுக்கொண்டு தெருக்கோடிவரை நடந்தாள். திரும்பி வரும்போது வலது கை சுவரைத் தேடவில்லை. நகல் கடைக்காரரும் மருந்துக் கடைக்காரரும் வெளியே வந்து பார்த்தார்கள். மைத்துனரும் பார்த்தார். அவர் அதற்குப் பிறகு தன் வாடிக்கையாளர்களிடம் முதலில் வலைப்பூ தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறார், அதைத் தானே கண்டுபிடித்ததாகவும் சொல்லிக்கொள்கிறார். அதைச் சகோதரிகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய மருத்துவமனையிலிருந்து மருத்துவர்கள் மாதம் ஒருமுறை வந்து தரையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும்.

சென்ற வருடம் கடை உரிமத்தைப் புதுப்பிக்க நகராட்சி ஆய்வாளர் வந்தார். படிவத்தோடு நடுக்கடையில் நின்றுகொண்டிருந்தவரின் வெறுங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடித் தடம் பதிந்தது. அவர் மரியாதையாக ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டு, தரையின் நிலை என்ற கட்டத்தில் 'வாசகர் நடமாட்டம் உண்டு' என்று எழுதினார். தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று கேட்டார், காட்டினார்கள். பணியாளர் எத்தனை பேர் என்று கேட்டார், சொன்னார்கள். பிறகு உரிமையாளரின் தொழில் என்ன போடட்டும் என்று அக்காவைக் கேட்டார்.

"செருப்பு தைக்கிறேன்" என்றாள் அக்கா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதவும் செய்றேன். ரெண்டையும் போடுங்க" என்றாள்.

ஆய்வாளர் இரண்டையும் போட்டார்.