ஒண்ணு மட்டும் வரணும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒட்டுக்கேட்டுக் கிடைத்த கதை. தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையோரம் ஒரு கம்ப்யூட்டர் கடை. உயிர்போன என் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் வந்து கடைக்காரரிடம் சொன்னார்: "எல்லாத்தையும் நிறுத்திட்டிய, சந்தோசம். இப்ப ஒண்ணு மட்டும் வரணும்."

"என்ன வரணும்க்கா?"

அவர் பதில் சொல்லும் நேரம் பார்த்து ஒரு கண்டெய்னர் லாரி ஹாரனை அமுக்கியது. கடைக்காரருக்குக் கேட்டிருக்க வேண்டும், சிரித்தார். எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் சிவந்ததை மட்டும் பார்த்தேன்.

அந்த லாரிக்காரரைத் திட்டிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

2.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: முத்துக் குளித்த கடலின் அடியில் எத்தனையோ ரகசியங்கள் –

அடித்துவிட்டேன். தூத்துக்குடி என்றதும் முத்தைத் தேடி வந்த வாசகர் மன்னிக்கவும். இதில் முத்து கிடையாது, இந்த ஊர் இனிப்பான மக்ரூன்கூடக் கிடையாது.

இரண்டாவது: கப்பலுக்குப் போன மகனிடமிருந்து ஒரு செய்தியாவது வராதா என்று விக்டோரியா கணினியின் முன்னால் –

இதையும் விட்டேன். நான் அழுவதற்கு முன்னால் வாக்கியமே அழ ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் விக்டோரியா என்ற பெயரையும் கப்பலையும் எடுத்து வைத்துக்கொண்டேன். மகனைக் கழித்துவிட்டுக் கணவரைச் சேர்த்தேன். (கடையில் பார்த்தபோது 'அவர்'. பெயர் வைத்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். எழுதுகிறவன் எடுத்துக்கொள்ளும் உரிமை அது.)

3.

கணவர் ரோச். சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் முப்பது வருஷம்.* விடுமுறைக்கு வருவார், பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள் கிளம்பிவிடுவார். கடைசியாக ஓய்வுபெற்று வந்தபோது விக்டோரியாவுக்கு ஒரே ஆசை: சாயங்காலம் கடற்கரைச் சாலையில் அவரோடு நடக்க வேண்டும். ஜோடியாக நடப்பவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டே அவளுக்குக் கால் அலுத்திருந்தது.

கரண்டு பில் கட்ட வாங்கிய கணினி குறுக்கே வந்தது. ஏதோ ஒரு தளம், செய்தி அனுப்பலாமா என்று கேட்டது. ரோச் சம்மதம் கொடுத்தார். இன்னொன்று கேட்டது, அதற்கும் கொடுத்தார். பிறகு திரையின் மூலையில் ஓயாமல் மணி அடித்துக்கொண்டு செய்திகள் பெட்டி பெட்டியாக முளைத்தன. கணினி ஆபத்தில் இருக்கிறது. பரிசாகக் கார் விழுந்திருக்கிறது. முட்டி வலியா? ரோச் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்தினார்.

"வாரியளா? வெளிச்சம் போவுது."

"இரு ஏளா, ஒண்ணு வந்திருக்கு. பாத்துட்டு வாரேன்."

"அது விளம்பரம்."

"மணி அடிச்சா பாக்கணும்லா."

"நான் இங்கன செருப்பப் போட்டுட்டு நிக்கேனே, அது அடிக்கலியோ?"

அடுத்தது வந்துவிட்டதால் ரோச் அதைக் கேட்கவில்லை. விக்டோரியா செருப்பைக் கழற்றினாள்.

* எஞ்சின் அறையில் அலாரம் அடித்தால் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தாயிற்று என்று பொத்தானை அழுத்த வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

4.

விக்டோரியா கூப்பிட்டு, கடைக்காரர் ஜெயகணேஷ் அவர்கள் வீட்டுக்கு வந்தார். செட்டிங்கைத் திறந்து நீளமாக ஒரு பட்டியலைக் காட்டினார்.

"அண்ணாச்சி, எவன் கேட்டாலும் அலவ் குடுத்திருக்கிய."

ஒவ்வொரு தளமாகத் தடுத்தார். இனி எதுவும் அனுமதி கேட்கவே முடியாதபடி செய்துவிட்டுக் கிளம்பினார். வீடு அமைதியானது. விக்டோரியா செருப்பை மாட்டினாள்.

ரோச் எழுந்திருக்கவில்லை. காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"சத்தமே இல்லியே, விக்டோரியா."

கப்பலில் சத்தம் நின்றால் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது என்று பொருள். அவர் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தார். மோட்டார் சுவிட்சைப் பார்த்தார். திரும்பி வந்து கேட்டார்:

"இனி எனக்கு டூட்டி ஒண்ணுங் கெடையாது, என்ன?"

எத்தனையோ தடவை கண் கலங்காமல் அவரை வழியனுப்பி வைத்தவள் விக்டோரியா. இப்போது அழுகை வந்துவிட்டது. அவரைக் கணினி பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தன்னை வேலைக்குக் கூப்பிட ஏதாவது ஒன்று வேண்டுமென்று அவர்தான் அதைப் பிடித்து வைத்திருந்தார் என்பது இப்போதுதான் புரிந்தது.

மறுநாள் கடைக்குப் போனாள். நான் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தேன்.

(இந்த இடத்தில் என் திரையிலும் ஒன்று முளைத்தது: நீங்கள் வென்றுவிட்டீர்கள். இல்லை ஐயா, இன்னும் முடிவு வரவில்லை.)

5.

கணினியின் காலண்டரில், தினமும் சாயங்காலம் மணியடித்துக் காட்டும்படி ஜெயகணேஷ் ஒரு நினைவூட்டலைப் போட்டுக்கொடுக்கிறார். அது மட்டும் எனக்கு நிச்சயம். அதில் என்ன எழுதச் சொன்னாள்?

"கடற்கரை." அதிகாரமாக இருக்கிறது.

"வாசலில் நிற்கிறேன்." ஜெயகணேஷ் சிரித்திருக்க மாட்டார்.

"எஞ்சின் ரெடி." சிரித்திருப்பார், ஆனால் அவள் முகம் ஏன் சிவக்கிறது?

எனக்கு வரவில்லை. பெட்டியைக் காலியாகவே விடுகிறேன்.

[                                        ]

நீங்கள் எழுதுங்கள். மணி அடித்துவிட்டது. ரோச் கண்ணாடியைத் தேடுகிறார். விக்டோரியா ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் காலால் துழாவியபடி வாசலில் நிற்கிறாள். பயப்பட வேண்டாம், அவர் இதுவரை ஒரு மணியையும் பார்க்காமல் விட்டதில்லை. நல்ல வார்த்தையாகப் போடுங்கள்.

சீக்கிரம். வெளிச்சம் போகிறது.